சறுக்கும் பாகங்களுக்குக் காந்தத் திரவம்: முதல்முறை முயல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பாகம் இன்னொன்றின் மேல் சறுக்கும் இடத்தில் எண்ணெய் விடுகிறோம். கொஞ்ச நாளில் அது ஒழுகிவிடும், ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். மறுபடி விடுகிறோம். மசகு எண்ணெயில் பாதித் தலைவலி, அதை இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்க வைப்பதுதான். காந்தத் திரவம் (ஃபெர்ரோஃபுளூயிட்) அந்தத் தலைவலியைத் தீர்க்கிறது. பக்கத்தில் ஒரு காந்தம் இருக்கும்வரை அது இடத்தை விட்டு நகராது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாது. இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. சரியாக அமைத்துவிட்டால் மேலே இருக்கும் பாகம் கீழே இருப்பதைத் தொடாமலே மிதக்கும். தொடாத இடத்தில் தேய்மானம் இல்லை.

ஆனால் திரவத்தை வாங்கி ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து இறங்குபவர்கள்தான் அதிகம். உண்மையில் இதில் முக்கால்வாசி வேலை காந்தத்துடையது. காந்தப் புலம் எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே சட்டென்று குறைகிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும், திரவம் அப்புறம். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது. கடைசியில் ஒரு கண்ணாடித் தட்டின் மேல் மிதந்து சறுக்கும் சின்ன வண்டி ஒன்று உங்கள் மேஜையில் இருக்கும்.

இது என்ன திரவம்

1963-இல் நாசாவில் வேலை பார்த்த ஸ்டீவ் பாப்பெல், எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து எஞ்சினுக்குள் கொண்டுவர முடியுமா என்று யோசித்து உருவாக்கிய பொருள் இது. எரிபொருளுக்கு அது பயன்படவில்லை. ரொனால்ட் ரோசன்ஸ்வைக் போன்றவர்கள் அதை மேம்படுத்திய பிறகு வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது: வெற்றிட இயந்திரங்களின் அச்சு சீல்கள், ஹார்ட் டிஸ்க் சீல்கள், ஒலிபெருக்கிகள். ஒலிபெருக்கியில் காயில் எனப்படும் கம்பிச்சுருள் காந்த இடுக்குக்குள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடுக்கில் விட்ட காந்தத் திரவம் காயிலை நடுவில் நிறுத்துகிறது, சூட்டை வெளியே கடத்துகிறது, தேவையற்ற அதிர்வையும் அடக்குகிறது. சறுக்கும் பாகத்துக்குக் காந்தத் திரவம் என்றால் உலகில் மிகப் பரவலான உதாரணம் இதுதான்.

உள்ளே இருப்பவை மூன்று. மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் துகள்கள், ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர் அளவில். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒலேயிக் அமிலம் போன்ற பொருளால் ஒரு மெல்லிய பூச்சு. இவை மிதப்பதற்கு ஓர் எண்ணெய். கன அளவில் துகள்கள் சில சதவீதம் மட்டுமே, பெரும்பகுதி எண்ணெய்தான். துகள்கள் இவ்வளவு சிறியவை என்பதால் வெப்ப அசைவே அவற்றைக் கீழே படிய விடாமல் மிதக்க வைக்கிறது. அவை பாகத்தைச் சுரண்டிவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய உலோகப் பரப்பில்கூட மேடுபள்ளம் சில நூறு நானோமீட்டர் இருக்கும். 10 நானோமீட்டர் துகள் அந்தப் பள்ளங்களுக்குள் காணாமல் போய்விடும். பூச்சு கெட்டுத் துகள்கள் கட்டிகளாகத் திரண்டால்தான் சுரண்டல் ஆரம்பிக்கும். அதைத் தவிர்க்கும் வழி கீழே வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேக்னடோரியாலஜிக்கல் திரவம் என்று இன்னொன்று விற்கிறார்கள். அதில் இருப்பவை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள இரும்புத் துகள்கள், அதாவது நூறு மடங்குக்கும் மேல் பெரியவை. காந்தப் புலம் பட்டதும் அது கிட்டத்தட்டக் கெட்டியாகிவிடும். பிரேக்குக்கும் அதிர்வுத் தாங்கிக்கும் நல்லது. மசகாகப் போட்டால் தேய்ப்புக் கல்லின் வேலையைச் செய்யும். லேசர் பிரிண்டர் டோனரை எண்ணெயில் கலந்து வீட்டிலேயே செய்யும் வீடியோக்களும் நிறைய உண்டு. வேடிக்கை பார்க்க அது போதும், சறுக்கும் பாகத்துக்குக் கூடவே கூடாது. டோனர் துகளும் மைக்ரான் அளவுதான். நிற்காமல் படியும், சுரண்டும்.

முதல் படி: உங்கள் பாகத்துக்கு இது ஒத்துவருமா

இதைத் தாண்டி அடுத்த படிக்குப் போக அவசரப்படாதீர்கள். காந்தத் திரவம் தாங்கும் அழுத்தத்தை எளிதாகக் கணக்கிடலாம். திரவத்தின் உச்சக் காந்தமாக்கலை, அதாவது எவ்வளவு வலுவான புலத்திலும் அது தாண்டாத காந்தமாக்கல் எல்லையை, டெஸ்லாவில் எடுத்துக்கொள்ளுங்கள். காந்த விளிம்பில் உள்ள புல வலிமையை மீட்டருக்கு இத்தனை ஆம்பியர் என்ற அலகில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் பாஸ்கலில் அழுத்தம் கிடைக்கும். நல்ல திரவத்தின் காந்தமாக்கல் சுமார் 0.04 டெஸ்லா. நியோடிமியம் காந்தத்தின் விளிம்பில் 0.4 டெஸ்லா புலம் என்றால், அது மீட்டருக்குச் சுமார் 3,18,000 ஆம்பியர். பெருக்கினால் 12,700 பாஸ்கல். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.3 நியூட்டன், அதாவது சுமார் 130 கிராம் எடை. இதுவே உச்சவரம்பு. நடைமுறையில் இதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நம்பித் திட்டமிடுங்கள்.

இந்த எண்ணைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். லேத் படுக்கைக்கு, கதவுத் தண்டவாளத்துக்கு, பிஸ்டனுக்கு, எடை ஏறும் எதற்கும் இது சரிவராது. அங்கெல்லாம் பால் பேரிங்கும் கிரீஸும்தான் சரி. சில கிராம் முதல் சில கிலோ வரை எடையுள்ள பாகம், மிக நுட்பமாக நகர வேண்டும், சத்தம் கூடாது, முதல் அசைவில் பிடித்துவிட்டு அப்புறம் சட்டென்று துள்ளக் கூடாது என்றால் காந்தத் திரவத்துக்கு இணையானவை மிகக் குறைவு. நுண்ணோக்கியின் மேடை, உணர்கருவியின் நகரும் முள், சிறிய அளவீட்டு வண்டி போன்றவை அதன் இயல்பான இடங்கள்.

துள்ளல் இல்லாததற்குக் காரணம் உண்டு. இரண்டு திடப் பரப்புகள் தொட்டுக்கொண்டு நிற்கும்போது, நகரத் தொடங்கவே ஒரு குறைந்தபட்ச விசை தேவை. இடையில் முழுவதும் திரவம் என்றால் அந்தக் குறைந்தபட்சம் என்ற ஒன்றே கிடையாது. தடை முழுவதும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் சுழி என்றால் தடையும் சுழி. ஒரு மைக்ரான் நகர்த்த வேண்டும் என்றால் ஒரு மைக்ரான் மட்டுமே நகர்த்தலாம்.

உங்கள் இடத்தில் இரும்புத் தூள், கடைசல் பிசிறு, வெல்டிங் துணுக்கு பறக்குமா? அப்படியானால் விட்டுவிடுங்கள். அறையில் உள்ள அத்தனை இரும்புத் துகளையும் காந்தம் தேடிப் பிடித்துத் திரவத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இரண்டாம் படி: காந்தங்கள்

நம் வண்டிக்கு மூன்று காந்தங்கள் போதும். 20 மில்லிமீட்டர் விட்டம், 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வட்ட நியோடிமியம் காந்தங்கள். என்42 தரம் தாராளம். ஏன் மூன்று? முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நான்கு வைத்தால் அவை ஒரே தளத்தில் இருக்கும்படி மைக்ரான் கணக்கில் சரிசெய்ய வேண்டிவரும். மிதக்கும் இடைவெளியே 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான் என்பதால் நான்காவது கால் வெறும் தொல்லை.

10 சென்டிமீட்டர் சதுரத்தில், 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டையான இரும்புத் தகடு ஒன்றை எடுத்து, அதன் அடியில் காந்தங்களை முக்கோணமாக, எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக ஒட்டுங்கள். இரண்டு பாகம் கலந்து பூசும் எபாக்ஸி போதும். இரும்புத் தகடு வெறும் தாங்கி மட்டும் இல்லை. பின்பக்கம் வீணாகும் புலத்தைத் திருப்பிக் கீழ் முகத்தின் விளிம்பை வலுவாக்குகிறது. ஒட்டும் முன் மைக்ரோமீட்டரில் காந்தங்களின் தடிமனை அளந்து, ஒத்துப்போகும் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். தகட்டின் ஓரப் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு, இரும்புத் தூள் ஒன்றுகூட இல்லாமல் துடைத்த பிறகே காந்தங்களைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

திரவம் காந்தத்தின் முகம் முழுவதும் பரவி நிற்காது. புலம் எங்கே உச்சமோ அங்கே கூடும். வட்டக் காந்தத்தில் அந்த உச்சம் விளிம்பில் இருப்பதால் திரவம் ஒரு வளையமாக நிற்கும். வண்டியைத் தட்டின் மேல் வைக்கும்போது அந்த வளையத்துக்குள் காற்று சிறைப்படும். அந்தக் காற்றும் எடையைத் தாங்கும். வளையத்தின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள புல வேறுபாடுதான் காற்றை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. ஆகவே புலம் சீராகப் பரவியிருக்கும் இடத்தில், அது எவ்வளவு வலுவாக இருந்தாலும், திரவத்துக்குப் பிடிமானம் கிடையாது. இதை மறந்தால் மொத்த வடிவமைப்பும் வீண். கூர்மையான விளிம்பும், துருவம் சட்டென்று முடியும் இடமும் வேண்டும். வளைந்து மழுங்கிய ஓரமுள்ள காந்தத்தைத் தவிருங்கள்.

கணக்கைப் பார்ப்போம். மூன்று காந்த முகங்களின் பரப்பு சுமார் 9.4 சதுர சென்டிமீட்டர். உச்சத் தாங்கல் 12 நியூட்டன். மூன்றில் ஒரு பங்கு 4 நியூட்டன், அதாவது 400 கிராம். தகடு சுமார் 160 கிராம், காந்தங்கள் 35 கிராம். மேலே வைக்க ஏறக்குறைய 200 கிராம் மிச்சம். கூடுதல் தேவை என்றால் காந்தங்களைப் பெரிதாக்குங்கள், தகட்டை முக்கோணமாக வெட்டி எடையைக் குறையுங்கள். திரவத்தை அதிகமாக ஊற்றுவதால் தாங்கும் சக்தி கூடிக்கொண்டே போகாது.

இந்த அளவுக் காந்தம் இரும்பை ஐந்து கிலோவுக்கு மேல் விசையோடு இழுக்கும். இரண்டு காந்தங்கள் பாய்ந்து ஒட்டிக்கொண்டால் விரல் நடுவில் மாட்டும், காந்தத்தின் ஓரம் சில்லாகத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் இந்த வேலையின் அருகில் இருக்கக் கூடாது. காந்தத்தை அறுக்கவோ துளைக்கவோ முயலாதீர்கள். அதன் தூள் எளிதில் தீப்பிடிக்கும். சாதாரணத் தரங்கள் 80 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே பாதுகாப்பானவை. எபாக்ஸி சீக்கிரம் இறுகட்டும் என்று அடுப்பருகில் வைத்துவிட வேண்டாம்.

மூன்றாம் படி: கீழே எந்தத் தட்டு

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கிவிழும் இடம் இது. வழவழப்பான இரும்புத் தட்டு கையில் இருக்கிறது, அதையே வைத்துவிடலாம் என்று தோன்றும். மூன்று காந்தங்களும் சேர்ந்து பதினைந்து கிலோவுக்கு மேல் கீழே இழுக்கும். திரவம் உச்சமாகத் தாங்குவதோ 1.2 கிலோ. வண்டி படக்கென்று ஒட்டிக்கொள்ளும், திரவம் ஓரத்தில் பிதுங்கி நிற்கும். தட்டு காந்தத்தால் ஈர்க்கப்படாததாக இருந்தே ஆக வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்றால் 316 வகை பரவாயில்லை. 304 வகையை வளைத்து அடித்து உருவாக்கும்போது அதற்குக் கொஞ்சம் காந்தத் தன்மை வந்துவிடும்.

அலுமினியம் ஈர்க்கப்படாது, தட்டையாக்குவதும் எளிது. ஆனால் அதன் மேல் காந்தம் நகரும்போது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். செம்பில் இது இன்னும் கடுமை. மிக மெதுவான நகர்வுக்கு இந்தத் தடையைக் கண்டுகொள்ள வேண்டாம். சில வேலைகளில் அதுவே இலவசமான பிரேக்காகவும் உதவும். வேகம் வேண்டும் என்றால் கண்ணாடி அல்லது செராமிக்.

முதல் வண்டிக்கு என் சிபாரிசு சாதாரண ஜன்னல் கண்ணாடி, 8 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமன், 30 சென்டிமீட்டர் நீளம். உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டு உருவாக்குவதால் அது இயல்பாகவே நல்ல தட்டை. டஃபன் செய்த, அதாவது சூடாக்கி வலுவூட்டிய கண்ணாடி வேண்டாம். சூடாக்கும்போது உருளைகளின் மேல் ஓடியதால் அதில் லேசான அலை இருக்கும். கண்ணாடியில் இன்னொரு வசதி, அடியிலிருந்து பார்த்தால் திரவ வளையங்கள் அப்படியே தெரியும். எதையும் ஊகிக்கத் தேவையில்லை.

நான்காம் படி: திரவத்தைத் தேர்ந்தெடுப்பது

தண்ணீரில் செய்த காந்தத் திரவம் வேண்டாம், காய்ந்துவிடும். காட்சிப்பொருளாகக் கண்ணாடிக் குப்பியில் விற்கப்படுவதும் வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் எளிதில் ஆவியாகும் லேசான எண்ணெய்தான் இருக்கும். திறந்த இடத்தில் சில வாரங்களில் பிசினாகும். செயற்கை ஹைட்ரோகார்பன் அல்லது எஸ்டர் எண்ணெயில் செய்த, மெதுவாக ஆவியாகும் வகையைக் கேளுங்கள். ஒலிபெருக்கிக்கென்று விற்பவை பெரும்பாலும் இந்த வகைதான். முதல் முயற்சிக்கு அவை நன்றாகவே பொருந்தும். வெற்றிடத்திலோ கடுமையான வேதிப்பொருட்களுக்கு நடுவிலோ வேலை என்றால் ஃபுளோரின் கலந்த பாலிஈதர் எண்ணெய் வகை உண்டு, விலை அதிகம்.

தகவல் தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள்: உச்சக் காந்தமாக்கல், பாகுத்தன்மை. காந்தமாக்கல் எடையைத் தாங்கும். பாகுத்தன்மை தடையைத் தரும். துகள்களைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே ஏறும் என்பதால் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் மற்றொன்றைப் பெற முடியும். காந்தப் புலத்துக்குள் திரவம் தாளில் போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் கெட்டியாகவே நடந்துகொள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள்.

தடை எவ்வளவு வரும்? பாகுத்தன்மையைப் பரப்பாலும் வேகத்தாலும் பெருக்கி, இடைவெளியால் வகுக்க வேண்டும். நம் மூன்று வளையங்களின் அகலம் 2 மில்லிமீட்டர் என்று வைத்தால் மொத்தப் பரப்பு சுமார் 4 சதுர சென்டிமீட்டர். பாகுத்தன்மை 0.1 பாஸ்கல் நொடி, இடைவெளி 0.05 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் தடை 0.08 நியூட்டன். எட்டு கிராம் எடைக்குச் சமம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தடையும் இரட்டிப்பு. பாகுத்தன்மை பத்து மடங்கு உள்ள கெட்டித் திரவத்தை வாங்கினால் 80 கிராம் அளவுத் தடை. வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: துடைத்து, நிரப்புதல்

கண்ணாடியையும் காந்த முகங்களையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பிசிறில்லாத துணி கொண்டு துடையுங்கள். பிறகு முழுவதும் காயவிடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆல்கஹாலும் அசிட்டோனும் துகளின் மேலுள்ள பூச்சைக் கலைத்துவிடும். ஈரம் மிச்சமிருக்கும் இடத்தில் திரவம் பட்டால் துகள்கள் கட்டிகளாகத் திரளும். முன்னே சொன்ன சுரண்டல் தொடங்குவது இங்கேதான்.

கையுறை அணிந்து, கீழே காகிதம் விரித்துக்கொள்ளுங்கள். இந்தக் கறுப்புக் கறை துணியில் பட்டால் போகாது. குப்பியைக் காந்தத்திலிருந்து ஒரு கை தூரமாவது தள்ளி வையுங்கள். 1 மில்லிலிட்டர் சிரிஞ்சில் ஊசி முனை பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். உலோக ஊசி காந்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டு கையைக் குலுக்கிவிடக்கூடும். வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு காந்தத்தின் விளிம்பிலும் 0.05 மில்லிலிட்டர் தொடுங்கள். ஒரே இடத்தில் விட்டால் போதும், திரவம் தானாக விளிம்பைச் சுற்றி ஓடி வளையமாகும். வளையம் எங்காவது அறுந்து நின்றால் இன்னும் 0.01 மில்லிலிட்டர் சேருங்கள். நடுவில் தீவுபோல் ஒரு வெற்றிடம் இருக்க வேண்டும். அங்கே காற்று நிற்கப்போகிறது.

இப்போது வண்டியை நிமிர்த்தி, மூன்று கால்களும் ஒரே நேரத்தில் படும்படி நேராக, மெதுவாக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் ஒரு வளையத்திலிருந்து காற்று தப்பிவிடும், அந்தப் பக்கம் தாழ்ந்து நிற்கும். அப்படி ஆனால் முழுதாகத் தூக்கிவிட்டு மறுபடி இறக்குவதே வழி.

ஆறாம் படி: மிதக்கிறதா என்று பார்ப்பது

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முதலில் வண்டியைக் கண்ணாடி முழுக்க இரண்டு மூன்று முறை நகர்த்தி, பாதையை நனைத்துவிடுங்கள். காய்ந்த கண்ணாடியில் வளையத்தின் ஓரம் ஒட்டிக்கொள்ளும், சோதனை தவறாகிவிடும். பிறகு நீர்மட்டம் வைத்துக் கண்ணாடியைச் சமன் செய்யுங்கள். வண்டி எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் அளவுக்கு நுட்பமாகச் சமன் செய்வது கொஞ்சம் பொறுமை கேட்கும். செய்துவிட்டால் சோதனை பாதி முடிந்த மாதிரி.

இனிக் கண்ணாடியின் ஒரு நுனிக்கு அடியில் ஒரே ஒரு தாளைச் செருகுங்கள். தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், 30 சென்டிமீட்டர் நீளத்தில் அது மூவாயிரத்தில் ஒரு பங்குச் சரிவு. 400 கிராம் வண்டியை இந்தச் சரிவு இழுக்கும் விசை 0.0013 நியூட்டன்தான். மேலே போட்ட கணக்கின்படி பார்த்தால் வண்டி நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போல ஊர்ந்து இறங்க வேண்டும். கண்ணால் பார்க்கவே அழகாக இருக்கும் அசைவு அது: உந்தல் இல்லை, தயக்கம் இல்லை. சாதாரணப் பால் பேரிங் வண்டி இவ்வளவு சின்னச் சரிவில் அசைவது கடினம்.

அசையாமல் நின்றால் எங்கோ தொடுகிறது என்று அர்த்தம். கண்ணாடிக்கு அடியிலிருந்து விளக்கடித்துப் பாருங்கள். ஒரு வளையம் மட்டும் அகலமாகப் பிதுங்கியிருந்தால் எடை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மேலே உள்ள சுமையை நகர்த்துங்கள். மூன்றுமே பிதுங்கியிருந்தால் சுமை அதிகம். வளையங்கள் நன்றாக இருந்தும் நகரவில்லை என்றால் தூசியோ காந்தத்தின் மேல் எபாக்ஸித் துளியோ காரணமாக இருக்கும். நகங்களால் தடவிப் பார்த்தால் துளி தட்டுப்படும்.

ஓட்டும்போது நடப்பவை

வண்டி நகரும்போது பின்னால் கறுப்பான மெல்லிய தடம் விழும். பயப்பட வேண்டாம், ஆனால் கவனியுங்கள். வேகம் கூடக்கூட, திரவம் கெட்டியாக இருக்க இருக்க, அந்தத் தடம் தடிமனாகும். தடத்தில் போன திரவம் வளையத்தில் குறையும். வளையம் மெலிந்தால் வண்டி சில மைக்ரான் தாழும். அதே பாதையில் திரும்பி வரும்போது காந்தம் அந்தத் திரவத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முன்னும் பின்னும் ஒரே தடத்தில் ஓடும் பாகங்களுக்கு இந்த முறை இயல்பாகப் பொருந்துகிறது. ஒரே திசையில் புதுப் பரப்பின் மேல் போய்க்கொண்டே இருக்கும் பாகம் என்றால் சீக்கிரமே வறண்டுவிடும். உயரம் மைக்ரான் துல்லியத்தில் மாறாமல் இருக்க வேண்டிய கருவிக்கு இந்தத் தாழ்வை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்வது நல்லது. நுண்ணிய உயர மாற்றத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை மேலே நிறுத்தி, மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த அமைப்பு மேலும் கீழும் மட்டுமே பிடிக்கிறது. பக்கவாட்டில் வண்டி எங்கு வேண்டுமானாலும் போகும். நேர்கோட்டில் ஓட வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பட்டையை நிறுத்தி, வண்டியின் பக்கத்திலும் சிறிய காந்தங்களை ஒட்டி அதே முறையில் திரவம் விடலாம். இல்லை, நேர்கோடு மட்டும் போதும் என்றால் இன்னும் எளிய வழி கண்ணாடிக் குழாய். குழாயைவிடச் சற்றே சிறிய காந்தத்தின் இரு முனைகளிலும் திரவம் விட்டு உள்ளே தள்ளினால், அது தானாகவே நடுவுக்கு வந்து சுவரைத் தொடாமல் ஓடும். ஒரு விஷயம் மட்டும்: திரவ வளையம் காற்று புகாத சீலாகவும் ஆகிவிடும். குழாயின் முனைகள் மூடியிருந்தால் உள்ளே சிக்கிய காற்று ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளும். நடுவில் துளையுள்ள வளையக் காந்தத்தைப் போட்டால் காற்று அதன் வழியே போய்வரும்.

பராமரிப்பும் திரவத்தை மாற்றுவதும்

வேலை இல்லாதபோது மூடி வையுங்கள். தூசியைவிட இரும்புத் துகள்தான் எதிரி. சாதாரண எண்ணெயையோ கிரீஸையோ மேலே விடவே கூடாது. அவற்றில் உள்ள கூட்டுப் பொருட்கள் துகளின் பூச்சை இடம்பெயர்த்துவிடக் கூடும். இரண்டு வேறு நிறுவனங்களின் காந்தத் திரவங்களைக் கலப்பதும் அதே காரணத்துக்காகத் தவறு. அருகில் ரப்பர், பாலிஸ்டைரின் போன்ற பாகங்கள் இருந்தால் திரவத்தின் எண்ணெய் அவற்றை ஊதவைக்கிறதா என்று ஒரு துண்டில் முன்பே சோதியுங்கள்.

சூடு இதன் ஆயுளைக் குறைக்கும். எண்ணெய் ஆவியாகும், மிச்சமிருப்பது ஆக்சிஜனோடு வினைபுரிந்து கூழாகும். தாள் சோதனையை அவ்வப்போது செய்து பாருங்கள்: முன்பு ஊர்ந்த சரிவில் வண்டி தயங்கித் தயங்கிப் போனால், அல்லது வளையத்தின் ஓரம் பளபளப்பு இழந்து பசைபோல் தெரிந்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பழையதன் மேல் புதியதை விடாதீர்கள். கெட்டுப்போன திரவத்தில் திரண்ட கட்டிகள் அங்கேயே இருக்கும். கையில் உள்ளதைவிட வலுவான காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அருகில் கொண்டுபோனால் திரவத்தில் பெரும்பகுதி பைக்குத் தாவும். பையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, காந்தத்தை உருவிவிட்டால் திரவம் பைக்குள் அடங்கிவிடும். ஒட்டிய மிச்சத்தை உறிஞ்சும் காகிதத்தால் ஒற்றியெடுங்கள். பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால், கடைசியில் ஆல்கஹாலால் துடையுங்கள். இந்த வரிசை முக்கியம். ஆல்கஹாலை முதலிலேயே போட்டால் துகள்கள் வெறுமையாகி விளிம்பில் காரைபோல் பிடித்துக்கொள்ளும், சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்த திரவத்தையும் துணிகளையும் கழுவுதொட்டியில் விடாமல், பழைய எஞ்சின் எண்ணெயை எங்கே சேர்ப்பீர்களோ அங்கே சேர்த்துவிடுங்கள்.